காலி வண்டியின் பாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விருதுநகரில் மிளகாய் வற்றல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர். கிட்டங்கிக்குச் சொந்தக்காரரான முகம்மது நூகு, அவருடைய ஒரே மகன் ஃபரீத், மருமகள் பெனாசிர், பிக்கப் வண்டியில் கருவி மாட்ட வந்த எலக்ட்ரீசியன் மாரீஸ்வரன். வேறு யாரும் இல்லை.

வண்டி டீசல் குடித்தது. அதுதான் முதலில் தெரிந்த கோளாறு. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது ஏழைத் தாண்டவில்லை. மூன்று மாதத்தில் மூன்று டிரைவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: வெம்பக்கோட்டை ரோட்டில் மட்டும், காலியாகப் போனாலும், பாரம் ஏற்றியது போல இழுக்கிறது. பம்பைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பிரேக் பார்த்தாயிற்று. ஃபில்டர் மாற்றியாயிற்று. ஒரு பழுதும் இல்லை. இதற்குள் பஜாரில் பேச்சு கிளம்பிவிட்டது. வண்டியைப் பேசுவதும் குடும்பத்தைப் பேசுவதும் நூகுவுக்கு வேறுவேறல்ல. எண்ணில் காட்டினால் எவனும் வாய் திறக்க மாட்டான் என்றுதான் மாரீஸ்வரனை வரவழைத்தார்.

மாரீஸ்வரன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு ஒரு கறுப்புச் சாக்கெட்டைக் கண்டுபிடித்து வயரைச் சொருகினான். வயரை ஓரமாக மறைத்து மேலே கொண்டுவந்து, உள்ளங்கையளவு திரையை டேஷ்போர்டின் மேல் ஒட்டினான். சாவியைத் திருப்பியதும் திரையில் பச்சை எண்கள் வந்தன.

"இது இன்ஜின் சூடு. இது ஆர்பிஎம், இன்ஜின் சுத்துற வேகம். இந்தா, இதுதான் நீங்க கேட்டது, லோடு. இன்ஜின் எம்புட்டு சிரமப்படுதுன்னு நூத்துக்குச் சொல்லும். காலி வண்டிக்குச் சமரோட்டுல நாப்பதைத் தாண்டாது. ஒரு டன் ஏத்துனா எழுவது, எம்பது போகும்."

"சாவியை எடுத்தா?"

"அணைஞ்சிரும் பாய்."

பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். முப்பத்தாறு. மாரீஸ்வரன் சிரித்தான். "வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்க டிரைவருகதான் டீசலைக் குடிச்சிருக்காக." பிறகு இறங்கி, வண்டியின் பின்பகுதியைத் தட்டிப் பார்த்தான். "பாடி புதுசால்ல கட்டியிருக்கீக. பழசுக்கு என்ன?"

"துரு," என்றார் நூகு.

ஃபரீத் கிட்டங்கிக்குள் போய்விட்டான். அவன் அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பத்து மாதமாகிறது.

வெம்பக்கோட்டை வரை யார் ஓட்டிப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. நூகு சாவியை எடுத்தார்.

"மாமா, நாளைக்கு விசாரணைய வச்சுக்கிட்டு இன்னைக்கு எதுக்கு?" என்றாள் பெனாசிர். "உங்க மகனையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"என் வண்டிய ஓட்ட எனக்குத் துணை வேணுமாக்கும்."

சித்திரை வெயில் அதற்குள் ரோட்டில் தண்ணீர் தேங்கியது போல மினுங்கத் தொடங்கியிருந்தது. சிவகாசியைத் தாண்டியதும், லீவு நாளாகையால், வேலியிட்ட பட்டாசுக் கம்பெனிகள் ஆளரவமின்றிக் கிடந்தன; சிறுசிறு அறைகள் ஒன்றுக்கொன்று எட்டி நின்று வெயிலில் வெளுத்திருந்தன; கருவேலங்காட்டுக்குள்ளிருந்து சூடான காற்று தூசியையும் எங்கோ எரியும் குப்பையின் வாடையையும் கொண்டுவந்து கண்ணாடியில் அறைந்தது. நூகு கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டார். திரையில் முப்பத்தேழு. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் இருக்கையில் சாய்ந்து வண்டி ஓட்டியதை யாரும் பார்த்ததில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால், இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் ஆர்டருக்காக லீவு நாளில் மறைவாக வேலை நடந்த ஒரு கம்பெனிக்கு ஃபரீத் இந்த வண்டியில் ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனான். உள்ளே ஆள் இருப்பது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமலிருக்க, வண்டியைப் பின்பக்கமாக அறையின் வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். அறையில் தீப்பிடித்தது. ஐந்து பேரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். வாசலில் வண்டி நின்றது.

அன்றிரவே வண்டியைக் கொண்டுவந்து, கருகிய பின்பகுதியை மாற்றியவர் நூகு. வண்டி அன்று கிட்டங்கியை விட்டு நகரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கம்பெனிக்காரனும் அதையே சொன்னான். நாளை அதிகாரியின் முன்னால் அதை வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். சொன்னால் மகன் ஜெயிலுக்குப் போக மாட்டான். நூறு வருடமாகக் கடைப்பலகையில் இருக்கும் பெயரும் நிற்கும்.

ஒரு ரேஷன் கடையின் முன்னால் வேகத்தடை இருந்தது. வேகத்தைக் குறைத்தார். வண்டி ஏறி இறங்கியது; இறங்கிய பிறகு பின்பக்கம் இன்னொரு முறை லேசாக அமுங்கியது. உடனே மறுபடியும் ஒரு முறை. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். திரையில் ஐம்பத்திரண்டு.

மேடு எதுவும் இல்லை. ரோடு கோடு போட்டது போலச் சமமாகக் கிடந்தது.

கல்லுப்பாலத்தில் எதிரே ஒரு ஆட்டுக்கிடை குறுக்கிட்டது. நின்றார். ஆடுகள் கடந்தன, கிடைக்காரன் வண்டியைப் பார்த்தான், வண்டியின் பின்பக்கம் பார்த்தான், பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பின்பக்கம் மெல்ல அமுங்கியது. அறுபத்து மூன்று. பக்கக் கண்ணாடியில் தார்ப்பாயின் ஓரம் மட்டும் படபடத்தது. அடுத்த ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் நிற்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தார். விலக்கு வந்ததும் வேகம் தானாகக் குறைந்தது. எழுபத்தைந்து.

ஏசிச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. தகரத் தரையில் தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். யாரோ கால் மாற்றி உட்காருகிறார்கள். யாரோ நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

ஏறுகிறார்கள்.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஃபரீத்தை அழைத்தார்.

"அன்னைக்கு எங்கன எங்கன ஆள் ஏத்துன?"

பத்து மாதத்தில் அவர் கேட்காத கேள்வி அது.

"ரேசன் கடை வாசல்ல ரெண்டு பேரு," என்றான் ஃபரீத். "கல்லுப்பாலத்துல ஒரு ஆளு. விலக்குல ஒரு ஆளு. அத்தா, இப்ப எங்கன இருக்கீக?"

"நாலு பேருதான் ஆச்சு."

"தண்ணித் தொட்டிக்கிட்ட பாண்டிலட்சுமி அக்கா ஏறுனாக. அவுகளைப் பின்னாடி ஏத்தல. மாசமா இருந்தாக. முன்னாடி எம் பக்கத்துல உக்கார வச்சேன்."

தண்ணீர்த் தொட்டி எதிரே தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த உயரமான தொட்டி. அதன் நிழல் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. அவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். இன்ஜின் கத்தியது. லோடு எண்பத்தெட்டு. வேகம் நாற்பது. முப்பது. லோடு தொண்ணூற்றாறு. நடந்து போகும் வேகத்தில் வண்டி நிழலுக்குள் நுழைந்து, ரோட்டோர மண்ணில் இறங்கி, ஒருமுறை குலுங்கி, அணைந்தது.

சத்தமில்லை. காற்றும் இல்லை.

வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. கனத்த வயிற்றோடு ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் படியில் கால் வைப்பது போல. இடக்கதவு திறக்கவில்லை. பக்கத்து இருக்கை அமுங்கி, நடுவில் குழிந்து, பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தத்தோடு நின்றது. கந்தகம். கருகிய துணி. கருகிய மயிர்.

டிக். பெல்ட் மாட்டிக்கொண்டது.

அவர் திரும்பவில்லை. சாவியைத் திருப்பினார். இன்ஜின் எழவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். திரை அணையவில்லை. ஆர்பிஎம் பூஜ்யம். லோடு நூறு. சூடு தொண்ணூற்றாறு. தினமும் படுக்கும் முன் ஓதும் குர்ஆன் ஆயத்தை ஓதத் தொடங்கினார்; ஒரே இடத்தில் வந்து வந்து நின்றது.

"அத்தா, கேக்குதா?" ஃபரீத் அழுதுகொண்டிருந்தான். "நாளைக்கு உள்ளதச் சொல்லிருவோம். நான் உள்ள போறேன். இதோட விட்டுருவோம் அத்தா."

பின்பக்கம் தூக்குச்சட்டிகளின் சத்தம் நின்றது. யாவரும் அவர் சொல்லப்போவதற்குக் காத்திருப்பது போல ஒரு நிசப்தம். சொல்லிவிடலாம். இங்கே கேட்க அதிகாரி இல்லை, பஜார் இல்லை. நூகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். முதுகை நிமிர்த்தினார்.

"எங்க வண்டி," என்றார், போனைப் பார்த்தல்ல, "அன்னைக்கு இங்கன வரல."

பின்னால் ஒரு ஆள் மண்ணில் குதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்று. நான்கு. திரையில் லோடு சரசரவென்று இறங்கியது. எண்பது. அறுபது. நாற்பது.

இறங்கிவிட்டார்கள். நூகு மூச்சு விட்டார். பூட்டை விடுவித்து, கைப்பிடியை இழுத்துக் கதவைத் தள்ளினார்.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. பிறகு, நிதானமாக, மூடிக்கொண்டது.

தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு விரல் அகலம். மூடியது. கண்ணாடி வழியே வெயில் தெரிந்தது. ஆளில்லை.

இடக்கதவுக்குப் போக வேண்டுமானால் பக்கத்து இருக்கையைத் தாண்ட வேண்டும்.

கண்ணாடி சுவிட்சை அழுத்தினார். இறங்கவில்லை. சூடு நூற்று நான்கு. இன்ஜின் ஓடவில்லை. நூற்றுப் பதினெட்டு. ஸ்டியரிங் கையைச் சுட்டது. நூற்று நாற்பது. தள்ளினார். ஒரு விரல். மூடியது. பக்கத்தில் யாரோ இருமினார்கள். புகையில் இருமுவது போல.

"அத்தா?"

நூற்று எண்பது.

"அத்தா?"

நூகு பாய் பயந்துபோய் வண்டியைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்து செத்துப்போனார் என்று பஜாரில் சொல்கிறார்கள். பூட்டிக்கொண்டார் என்பது பொய். ஃபரீத்தும் மாரீஸ்வரனும் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கதவுகளும் பூட்டாமல்தான் இருந்தன. ஃபரீத் ஒற்றைக் கையால் திறந்தான். இரண்டு கதவுகளுக்கும் வெளியே மண்ணில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. விரல்கள் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தன. குதிகால்கள் ஆழப் புதைந்திருந்தன. கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, வெகுநேரம் நின்றவர்களின் தடங்கள். வலப்பக்கம் இரண்டு பேர். இடப்பக்கம் இரண்டு பேர். ஐந்தாவது ஆளின் தடம் வெளியே இல்லை.