மிகச் சிறிய கசிவு

காரின் பெட்ரோல் டேங்க் மூடியை மூன்று முறை 'கிளிக்' என்று கேட்கும்வரை திருகியிருந்தாள். முதல் தடவை மெக்கானிக் அதைத்தான் சொன்னார். இரண்டாம் தடவை மூடியையே மாற்றினார். அடுத்து ஒரு வால்வை மாற்றினார். இருந்தும் அன்று மாலை ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் அணையவில்லை. கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகிப் பார்த்தாள். அதே எரர் கோடு. பெட்ரோல் ஆவி அமைப்பில் மிகச் சிறிய கசிவு.

"எவ்வளவு சின்னதுங்க?" என்று நேரே மெக்கானிக்கிடம் போய்க் கேட்டாள்.

"குண்டூசி முனைன்னு வச்சுக்குங்க. வண்டி ஓடும், ஒண்ணும் ஆகாது. லைட் மட்டும் எரிஞ்சு உயிரை வாங்கும்." அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் இருக்கு பாருங்க, சும்மா நின்னாலும் மூச்சு விடும்மா. அந்த ஆவியை வெளியே விடாம ஒரு கரிப்பெட்டி புடிச்சு வச்சுக்கும். எங்கயாவது ஒழுகுதான்னு வண்டி தானே சோதிச்சுப் பார்க்கும். அதுக்குன்னு ஒரு குட்டி பம்ப் இருக்கு."

"எப்ப சோதிக்கும்?"

"வண்டியை அணைச்சு அஞ்சு மணி நேரம் கழிச்சு. எல்லாம் ஆறி அடங்கணும்ல. நாம தூங்கிட்டிருப்போம், அது பாட்டுக்கு முழிச்சு வேலை பார்க்கும். என் வீட்டுக்காரி மாதிரி."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள். அஞ்சு மணி நேரம் என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தாள். தண்ணீர் பரிசோதனை ஆய்வகத்தில் ஏழு வருடம். எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதுவரை ஒன்பது முறை விளக்கு எரிந்திருக்கிறது. ஒன்பதும் ஆய்வகத்தில் நிறுத்திய நாட்கள். வீட்டு வாசலில் வண்டி இரவெல்லாம் நிற்கிறது, அங்கேயும் அஞ்சு மணி நேரம் ஆகத்தான் செய்கிறது, ஒருநாளும் எரர் கோடு விழவில்லை. ஆய்வகத்தில் அவள் வண்டியை அணைப்பது ஏறக்குறைய ஒன்பதே காலுக்கு.

ஒன்பதே காலோடு ஐந்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இரண்டே கால்; எட்டு மாதமாக அவள் நினைக்காமல் ஒதுக்கிவைத்த மதியம் அது.

அக்காவுக்கு ஆஸ்துமா. வீட்டில் அவர்கள் இரண்டே பேர். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு. உள்ளே இழுப்பது குட்டை. வெளியே விடுவது நீளம், கடைசியில் ஒரு சின்ன விசில். இருபது வருடம் அதைக் கேட்டபடிதான் அவள் தூங்கினாள். "நான் போயிட்டா என்னடி பண்ணுவே, ரேடியோ வச்சுக்கிட்டுத் தூங்கு" என்பாள் அக்கா. "ரேடியோவுக்கு வாயடிக்கத் தெரியாதே" என்பாள் இவள்.

எட்டு மாதத்துக்கு முன், அந்தக் காலையில், அக்கா இரண்டு இரவுகளாகத் தூங்காமல் இருந்தாள். பதினொரு மணிக்கு டாக்டர். போகிற வழியில் ஆய்வகத்தில் சாம்பிள்களை மெஷினில் ஏற்றிவிட்டுப் பத்தே நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று தரைக்கீழ்த் தளத்தில் பதினான்காம் எண் இடத்தில் ஒன்பதே காலுக்கு வண்டியை நிறுத்தினாள். பின் இருக்கையில் கால்களை மடக்கிப் படுத்திருந்த அக்கா வழியிலேயே தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புகை பட்டால் அக்காவுக்கு ஆகாது என்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டாள். மேலே போனதும் கிளினிக்கிலிருந்து போன்: டாக்டர் மூன்று மணிக்குத்தான் வருவார். நாற்பது நிமிடம் கழித்து இறங்கிவந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அக்கா அப்படியே படுத்திருந்தாள். அசைவில்லாமல், நிம்மதியாக. எழுப்ப மனம் வரவில்லை. நன்றாகத் தூங்கட்டும்.

மறுபடி இறங்கிவந்தபோது இரண்டரை.

"காலையிலயே முடிஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர். "வண்டியை நிறுத்தின கொஞ்ச நேரத்துலயே. தூக்கத்துலயே போயிருக்காங்க. நீங்க முதல்ல வந்து பார்த்தப்பவே அவங்க இல்ல. உங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

எட்டு மாதமாக அவள் இந்த வாக்கியத்தின் மேல்தான் நடமாடினாள். சோறு இறங்கியது இதனால். வேலைக்குப் போக முடிந்தது இதனால். அளந்து பார்க்காமல் எழுதிய எண்ணுக்கு அவள் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. டாக்டர் எதையும் அளக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் எப்படி என்று கேட்கவில்லை.

ஆறு மாதம் பஸ்ஸில் போனாள். பிறகு ஆய்வகத்தில் வண்டி நிறுத்த ஆளுக்கு ஓர் எண் ஒதுக்கினார்கள். அவளுக்குப் பதினான்கு. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே விளக்கு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பத்துக்கு ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். தரைக்கீழ்த் தளத்தில் பகல் என்பது சரிவுப்பாதையின் மேலே தெரியும் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும்தான். அங்கிருந்து உள்ளே வரவர வெளிச்சம் சாம்பலாகி, தூண்களுக்கு நடுவே பழுப்பாகி, பதினான்காம் இடத்தில் டியூப்லைட்டின் நடுங்கும் நீலமாக மட்டும் மிஞ்சியது. ஈர சிமென்ட்டின் மணமும் ரப்பர் மணமும் ஆறிப்போன டீசலின் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். வண்டியின் பின்பக்கம் நின்று, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டபடி, டிக்கி மேல் கையை வைத்தாள். தகடு சில்லென்று இருந்தது.

இரண்டு பதினைந்து. உள்ளே எங்கோ 'டக்' என்றது. பிறகு வண்டு முனகுவதுபோல ஒரு ரீங்காரம். மெக்கானிக் சொன்ன குட்டி பம்ப். இவ்வளவுதானா என்று மூச்சை விட்டாள்.

விட்ட மூச்சுக்குப் பின்னால் இன்னொன்று கேட்டது.

ரீங்காரத்துக்கு அடியில். உள்ளே இழுப்பது குட்டை. வெளியே விடுவது நீளம். கடைசியில் ஒரு விசில்.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. ரொம்ப முடியாத இரவுகளில் அக்காவுக்கு முப்பத்திரண்டு. பம்ப் நின்றது. மற்றது நிற்கவில்லை. பின் கண்ணாடியில், படுத்திருப்பவரின் வாய் இருக்கும் உயரத்தில், உள்பக்கம் கையளவு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

படிக்கட்டில் ஏறியது அவளுக்கு நினைவில்லை.

"பம்ப் சத்தம்தான்மா" என்றார் மெக்கானிக் போனில்.

"பம்ப் நின்ன பிறகும் கேட்டுச்சுங்க."

"குழாய்க்குள்ள காத்து திரும்பும். அதா இருக்கும். சரி விடுங்க, மூணு தடவ திரும்பி வந்த வண்டின்னா எனக்கே மானம் போகுது. ஞாயித்துக்கிழமை நானே அங்க வர்றேன். புகை போட்டுப் பார்த்துடலாம். குழாய்க்குள்ள புகையை அனுப்பினா, ஓட்டை எங்க இருக்கோ அங்க வெளிய வந்துதான் ஆகணும். காலையில வழக்கம்போல நிறுத்தி அணைச்சிடுங்க. கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுடுங்க. உள்ள வருதான்னும் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே காலுக்கு வண்டியை அணைத்தாள். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினாள். நான்காவதை ஏற்றும் முன் பின் இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மெக்கானிக் ஒன்றே முக்காலுக்கு வந்தார். டூல் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மெஷின். பேட்டரியில் மாட்டியதும் சூடான எண்ணெய் வாசனை வந்தது. குழாயை எஞ்சின் பக்கம் செருகிவிட்டு டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். "மூடிகிட்ட ஒண்ணும் இல்ல" என்றது குரல். "கரிப்பெட்டி சுத்தம். குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னடா இது, பேய் வண்டியா?"

அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே. இங்க."

அவர் எழுந்து வந்து டார்ச்சை அடித்தார். பின் இருக்கைக்கு அடியிலிருந்து நூல்போல வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"அட, மாட்டிக்கிச்சு!" என்று தொடையில் தட்டினார். "சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப்போட மூடி இருக்கும்மா. அதைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம். அது காஞ்சு போச்சு. ஒரு ரப்பர் வளையம்! இதுக்கா ரெண்டு மாசம் நம்மள அலைய விட்டுச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. ரப்பர் வளையம். காய்ந்துபோன ரப்பர் வழியாகக் காற்று போனால் விசில் அடிக்காமல் என்ன செய்யும்? டாக்டர் சொன்னது சரிதான். அக்கா காலையிலேயே போய்விட்டாள். தூக்கத்தில். வலியில்லாமல்.

"வளையம் வேன்ல இருக்கு, உயரம் பத்தாம மேல ரோட்டுலயே விட்டுட்டு வந்தேன். எடுத்துட்டு வர்றேன். மெஷினை நிறுத்திட்டேன், புகை தானா அடங்கிடும்" என்றபடி சரிவுப்பாதையில் ஏறினார். அவர் செருப்புச் சத்தம் வெள்ளைக் கட்டத்துக்குள் போய் மறைந்தது.

புகை அடங்கவில்லை.

முதலில் அது இருக்கையின் மேல் பரவியது. புகை பரவும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் பரவிய புகை இருக்கையின் முழு அகலத்துக்கும் போகாமல், நடுவே ஏதோ கிடப்பதுபோல, அதைச் சுற்றிச் சுற்றிப் படிந்து, மெல்லத் தடித்து, ஓர் ஓரம் உருண்டு தோளாயிற்று, இன்னோர் ஓரம் மடங்கி முழங்காலாயிற்று. கால்களை அப்படித்தான் மடக்குவாள்.

தோள் ஏறியது. இறங்கியது.

நேரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். இரண்டு பதினான்கு.

அண்ணே என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

டக்.

ரீங்காரம்.

படுத்திருந்தது எழுந்து உட்கார்ந்தது.

முகம் இல்லை. முகத்தின் இடத்தில் புகை உள்ளே இழுபட்டது. குட்டையாக. பிறகு வெளியே. நீளமாக. விசில். கண்ணாடி அதிர்ந்தது.

புகையிலிருந்து ஒரு கை பிரிந்தது. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே நீண்டது. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் இறங்கியது. தடவியது. வலமிருந்து இடம். இடமிருந்து வலம். இருட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்போல. பொறுமையாக.

அந்த இருக்கையில்தான் அவள் எப்போதும் கைப்பையை வைப்பாள். அன்று தோளில் மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள். மூச்சுத் திணறினால் அக்கா அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே அந்தப் பைக்குள் இருந்தது. ஸ்ப்ரே எங்கே இருந்தது என்று டாக்டர் கேட்டார். அக்காவின் பக்கத்திலேயே இருந்தது என்று இவள் சொன்னாள். பக்கத்தில் இருந்தும் கை படவில்லை என்றால் தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். அவள் தந்த ஒரே அளவு அது. அதை வைத்துத்தான் அவர் எழுதினார்.

கை இருக்கையின் கீழே போனது. மேலே வந்தது. மறுபடி இருக்கை.

வண்டியின் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. கதவு ஒரு முழத் தூரத்தில். கால் நகரவில்லை.

பம்ப் நின்றது.

கை நிற்கவில்லை. வலமிருந்து இடம். இடமிருந்து வலம். விரல்கள் விரிந்தன, அழுத்தின, வெற்று இருக்கையின் துணியில் ஐந்து குழிகள் விழுந்தன. மூச்சு முப்பத்திரண்டு. முப்பத்தாறு. நாற்பது. பிறகு, எதையோ கேட்டதுபோல, தலை மெல்ல அவள் நின்ற பக்கம் திரும்பியது. கை இருக்கையை விட்டு எழுந்து வந்து, அவள் முகத்துக்கு நேரே, கண்ணாடியின் உள்பக்கம் விரித்து ஒட்டிக்கொண்டது.