வேண்டாம் என்ற பொத்தான்

நாற்காலி ஒன்று குறைந்திருந்தது.

மத்தியானம் வரை ஸ்டெல்லாவின் மேசைக்கு எதிரே நான்கு கிடந்தன, சிவப்பு பிளாஸ்டிக், சுவரோரம் வரிசையாக. கம்ப்யூட்டர் கேட்காமல் கொள்ளாமல் அணைந்து, நீலத் திரையில் வெள்ளை வளையம் ஒன்று சுற்றிச் சுற்றி, திரும்ப எழுந்தபோது மூன்றுதான் இருந்தன. நான்காவது கிடந்த இடத்தில் தரை மற்ற இடத்தைப் போலவே அழுக்காக இருந்தது. அதுதான் உறுத்தியது. எடுத்துப்போன நாற்காலி என்றால் கால் பட்ட இடமாவது சுத்தமாக இருக்க வேண்டாமா?

“ராசப்பண்ணா, ஒரு சேர் எங்கே?”

ஆபீஸ் உதவியாளர் ராசப்பன் வாசலில் நின்று பீடிப் புகையை மூடுபனிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்க மேடம், எப்பவும் மூணுதானுங்களே. நாலாவது வாங்கிப் போடுற அளவுக்கு நம்ம ஆபீஸ் எப்பங்க தாராளமாச்சு?”

நியாயமாகத்தான் பட்டது. ஸ்டெல்லாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கீழே ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் அவள் சண்டையெல்லாம் இந்த மெஷினோடுதான். சான்றிதழ் கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களை ஏற்றுவது வேலை. பக்கம் பக்கமாக நிரப்பி, அனுப்பப் போகும் நேரத்தில் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பும். புது அப்டேட் தயார். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது’, ‘பிறகு’. வேண்டாம் என்ற பொத்தான் கிடையாது. சந்தையில் எத்தனையோ வியாபாரிகளை அவள் பார்த்திருக்கிறாள். கெஞ்சுகிறவன் உண்டு, முறைக்கிறவன் உண்டு, கடை கட்டும் நேரத்தில் பாதி விலைக்கு இறங்குகிறவன் உண்டு. வேண்டாம் என்கிற சொல்லையே நம் வாயிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு கடை விரித்தவனை இங்கேதான் பார்த்தாள்.

மாதக்கணக்காக ‘பிறகு’ சொல்லிச் சமாளித்தாள். இன்று அது கேட்பதையே விட்டுவிட்டது. தானாக அணைகிறது. தானாக எழுகிறது. எழுந்ததும் ஒரு மரியாதை வேறு: ‘உங்கள் பொருட்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.’

எதிரே பாவாயியும் அவள் மகள் பூங்குழலியும் உட்கார்ந்திருந்தார்கள். வாழவந்தி நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள். மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழுக்கு இன்று சாயங்காலத்துக்குள் விண்ணப்பம் ஏறாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு.

“ஆயிருச்சுங்களா மேடம்?”

“எல்லாம் போயிருச்சு. மறுபடி முதல்ல இருந்துங்க.”

“இந்நேரத்துக்கு நட்ட மிளகே காய்ச்சிருக்கும் சாமி,” என்று பாவாயி சிரித்தாள். சிரிப்பின் முடிவில் கொட்டாவி வந்தது.

ஸ்டெல்லா மறுபடி தட்டினாள். பெயர், தகப்பன் பெயர், ஊர். வெளியே மலைச்சரிவிலிருந்து மூடுபனி வாசற்படி வரை வந்து நின்றது. ஈரச் சிமென்ட் வாசமும், சூடான யுபிஎஸ் பெட்டியின் பிளாஸ்டிக் வாசமும், வாசலிலிருந்து வந்த பீடி வாசமும் ஒன்றாகக் கலந்து அறை முழுக்கக் கம்மென்று நின்றன. எங்கோ ஒரு பஸ் கொண்டை ஊசி வளைவில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. கண்கள் எரிந்தன. கடைசிப் பக்கம். விரல் மவுஸைத் தொட்டது.

நீலத் திரை. வளையம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தக்கூட அலுப்பாக இருந்தது. திறந்தபோது அறை இருட்டியிருந்தது. மேகம் என்று நினைத்தாள். பிறகு கிழக்குப் பக்கம் திரும்பினாள்.

சன்னல் இல்லை.

சுவர் இருந்தது. மேலிருந்து கீழ்வரை மழை ஈரம் பழுப்பாக வழிந்து காய்ந்த, பழைய, சாதாரணமான சுவர். அவள் எழுந்துபோய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

“இங்க ஒரு சன்னல்…”

“அந்தப் பக்கம் பாறைங்களே மேடம்,” என்றார் ராசப்பன். “சன்னல் வெச்சா பாறையத்தான் பாக்கோணும்.”

பாவாயியும் தலையாட்டினாள். பூங்குழலி மட்டும் ஆட்டவில்லை.

“இருந்துச்சுங்க அக்கா,” என்றாள் மெதுவாக. “சில்வர் ஓக் மரம் தெரிஞ்சுது. நான் அது வழியாத்தான் ரோட்டைப் பாத்துட்டு இருந்தேன்.”

“சும்மா இரு கண்ணு. அவங்களே பாவம், குழம்பிப்போய் இருக்காங்க.”

தனக்குப் பைத்தியம் இல்லை. முதலில் அந்த நிம்மதிதான் ஸ்டெல்லாவுக்கு வந்தது. அடுத்த மூச்சில் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்தாள். பைத்தியமாகவே இருந்திருக்கலாம்.

அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் யுபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டது. நீலம். வளையம். இந்த முறை கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. ராசப்பன் நின்ற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

வாசலில் மூடுபனி மட்டும் நின்றது.

“ராசப்பண்ணா?”

பீடி வாசம் இருந்தது. இன்னும் சூடாக, இப்போதுதான் ஊதியதைப் போல.

“யாரைக் கூப்பிடுறீங்க சாமி?” பாவாயி நிஜமாகவே அக்கறையோடு கேட்டாள். “நாங்க வந்ததுல இருந்து நீங்க தனியாத்தானே இருக்கீங்க. ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டு வாங்க.”

பூங்குழலி அம்மாவின் தோளைப் பிடித்தாள். “அம்மா, அவரு உன்கிட்ட நம்ம மரவள்ளி என்ன விலை போச்சுன்னு கேட்டாரே.”

“எவரு?”

திரையில் அந்த மரியாதை வரிக்குக் கீழே புதிதாக இன்னொன்று. ‘புதிய பதிப்புக்குப் பொருந்தாத சில நீக்கப்பட்டன.’

ஸ்டெல்லா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சன்னலை நினைவில் வைத்திருக்கும் பெண். ராசப்பனை நினைவில் வைத்திருக்கும் பெண்.

“எந்திரிங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க. இப்பவே.”

“கிளம்புங்கன்னா எப்படிங்க? நாளைக்கு வந்தா இடம் இருக்குங்களா?”

“இடத்தை விடுங்க! பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க!”

பாவாயியின் முகம் இறுகியது. “இடத்தை விடறதுக்கா இத்தனை தூரம் வந்தோம்? நாங்க மலைக்காரங்கதான் மேடம். அதுக்குன்னு நாய விரட்டுற மாதிரி விரட்டாதீங்க.” அவள் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூலையில் பெட்டி எழுந்தது. இந்த முறை ஒரே பொத்தான். ‘இப்போது.’

யாரும் தொடவில்லை. பொத்தான் அமுங்கியது.

‘கணினியை அணைக்க வேண்டாம்.’

ஸ்டெல்லா மேசைக்கு மேலாகப் பாய்ந்து பூங்குழலியின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய கை. அந்தப் பெண்ணும் பிடித்தாள், நகம் பதிய. வளையம் சுற்றியது. கீழே யுபிஎஸ்ஸின் வயர். மெஷின் மக்கர் பண்ணினால் இந்த மலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான், போனில் மெக்கானிக் சொல்வதும் அதுதான். புடுங்கி மாட்டுங்க மேடம்.

புடுங்கினாள்.

இருட்டு. யுபிஎஸ் ஒரே சுருதியில் ஊளையிட்டு அடங்கியது. கைக்குள் கை இருந்தது. சூடாக. வியர்த்து. கர்த்தரே. விடவில்லை. அவள் விடவேயில்லை.

“கரண்ட் போயிருச்சுங்களா?” பாவாயியின் குரல். செல்போன் வெளிச்சம் எரிந்தது. அவள் முகத்தில் கோபமே இல்லை. சந்தையில் வழி தவறியவளைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சுங்க.”

“உங்க பொண்ணு…”

“எனக்கு ஏதுங்க பொண்ணு?”

வெளிச்சம் மெல்ல இறங்கி ஸ்டெல்லாவின் கைக்கு வந்து நின்றது. பாவாயி குனிந்து பார்த்தாள். “அது என்னங்க, கையில?”

பூங்குழலியின் கை. மணிக்கட்டில் அதே கறுப்புக் கயிறு. கயிற்றுக்கு அப்பால் ஆள் இல்லை, நாற்காலியின் சிவப்பு மட்டும். விரல்கள் ஒவ்வொன்றாக, ஸ்டெல்லாவின் உள்ளங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தன.