நம்பர் இல்லாத குழாய்

பெட்டிக்குள் நண்டுகள் இருந்தன.

தூத்துக்குடி ரயில் நிலையத்தின் பார்சல் அறை வாசலில், தெர்மோகோல் பெட்டியின் மூடியைத் திறந்தபடியே நின்றாள் ஈவாஞ்சலின். கால் கட்டிய ஏழு நண்டுகள் அவளையே முறைத்தன. அவளுடைய ரத்த மாதிரிகள்... பதினைந்து சின்னக் குழாய்கள்... எங்கே?

இதயம் ஏன் தளர்கிறது என்று பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். "நம்ம குடும்பத்துல அப்படி ஒரு சீக்கே கிடையாது" என்று சாதித்த மாமாக்களிடமும் சித்திகளிடமும் இரண்டு மாதம் சொந்த ஊரான நாசரேத்தில் மல்லுக்கு நின்று வாங்கிய ரத்தம் அது. அதை உறைநிலையில் வைத்திருக்கும் டிரை ஐஸ் ஆவியாகித் தீர்ந்தால் எல்லாம் வீண். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

சற்று முன் மழைக்கு ஒதுங்கிய டீக்கடைக்கே ஓடினாள். கடைக்காரர் லிங்கராஜ் சிரித்தார்.

"அது நம்ம ஆன்டனி பெட்டி, தாயி. துறைமுக ரோட்டு மீன் கம்பெனில ஃப்ரீசர் பாக்குதான். நீதான் அவன் பெட்டிய மொதல்ல தூக்கிட்டுப் போன."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் கேட்காதது போல் ஆட்டோ ஏறினாள்.

ஃப்ரீசர் அறைக் கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்தான். தடித்த நீலக் கோட்டு. புருவங்களில் வெள்ளைப் பனித்துகள். அதன் கீழே, மழைக்கு முந்தைய கடல் மாதிரி இரண்டு கண்கள்... சீ, இதுவா இப்போது முக்கியம்?

"என் பெட்டியத் திறந்தீங்களா?"

"நீங்க என் நண்டப் பாக்கலியா?"

"அது ரத்தம். மைனஸ் எண்பதுல இருக்கணும். கெட்டுப்போச்சுன்னா..."

"திறந்தப்பவே புகை ஒடுங்கிட்டு இருந்துச்சு. மைனஸ் நாப்பதுல வச்சு, சூரை மீன் ஏத்துமதிக்கு வாங்குன டிரை ஐஸ அள்ளிப் போட்டிருக்கேன். போய்ப் பாருங்க. திட்டுததா இருந்தா அப்புறம் திட்டலாம்."

பார்த்தாள். பதினைந்தும் கல்லாக உறைந்திருந்தன. கோபத்துக்குப் போக இடமில்லை. நண்டுப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நண்டு ஏழும் இருக்கு. எண்ணிக்கோங்க."

"அம்மைக்குச் சளி. ரசத்துக்கு அஞ்சு போதும். ரெண்டு நீங்க எடுத்துக்கோங்க... தூக்கிட்டுப் போன கூலி."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதுல என்ன தேடுதீங்க?" என்றான்.

"இதயத் தசை செல்லுக்குள்ள கால்சியம் வெளிப்பட்டா தசை சுருங்கும். அத உறிஞ்சி எடுத்தாத்தான் திரும்ப விரியும். உறிஞ்ச ஒரு பம்பு இருக்கு. பம்புக்கு ஒரு பிரேக்கும் இருக்கு. தேவைப்படும்போது அந்த பிரேக் விலகணும். எங்க குடும்பத்துல சிலருக்கு விலகுததில்லன்னு என் சந்தேகம்."

அவன் பக்கத்தில் உறுமிய கம்ப்ரசரைப் பார்த்தான். "சரியா விரிய முடியாம, அடிச்சு அடிச்சு ஓஞ்சு போவும். அப்படித்தான?"

மாமாக்களுக்கு மூன்று மணி நேரம் விளக்கியும் ஏறாதது. அவள் முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"மத்ததுல எல்லாம் நம்பர் போட்டிருக்கு. இந்தக் குழாய்ல மட்டும் இல்லையே?" என்றான் பெட்டிக்குள் பார்த்து.

வெளியே மழை தகரக் கூரையை அறைந்தது.

"அது என்னோடது. அம்மா இதுலதான் போனாங்க... முப்பத்தொம்பது வயசுல. எனக்கு நம்பர் போட மனசு வரல."

அவன் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினான். வாங்கி, 15 என்று அழுத்தி எழுதினாள்.

ரயிலைப் பிடித்தாள். அன்றிலிருந்து தினமும் அவனோடு போனில் பேச்சு... சண்டை... சிரிப்பு. ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அவளுக்கும் அந்த மரபணுப் பிழை இருந்தது.

விடுப்பு போட்டு நாசரேத்துக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஜெபசீலன் ரிசல்ட் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏளா, சாத்தான்குளத்துல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. இது காகிதத்துலயே இருக்கட்டும்" என்றார்.

ஆன்டனியின் போனை அவள் எடுக்கவில்லை. அந்தக் கண்களில் இரக்கம் வந்துவிட்டால்...? அதைத் தாங்க அவளால் ஆகாது. ஒன்பது நாள் அழைத்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு மதியம், பட்டுப்புடவையோடு மீன் கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"வழி தெரிஞ்சுதா?" என்றான், முகம் பார்க்காமல். "ஃப்ரீசர் பாக்குதவனுக்கு இம்புட்டுத்தான் மதிப்புன்னு நெனச்சேன்."

"ரிசல்ட் வந்துருச்சு. எனக்கும் இருக்கு."

அவன் கையுறையைக் கழற்றினான். நிமிர்ந்தான்.

"இப்போ ஒண்ணும் இல்ல. நாளைக்கு வரலாம்... வராமலும் போகலாம். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். பாவம்னு மட்டும் பாத்தீங்கன்னா இப்பவே பஸ் ஏறிருவேன்."

"இந்த வாய் பேசுதவளப் பாத்தா எவனுக்குப் பாவம் தோணும்?"

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடியே சொல்லிட்டேன். அம்மா எதுல போனாங்கன்னு எங்க வீட்டுல மொதத் தடவையாச் சத்தமாச் சொன்னேன். இன்னொண்ணும் சொன்னேன்..."

"என்னது?"

"எனக்கு வேற ஒருத்தர் மேல விருப்பம்னு. பேரும் சொல்லிட்டேன். நாசரேத்துல நாலு வீட்டுக்குத் தெரிஞ்சாச்சு. உங்களுக்குத்தான் கடைசியாத் தெரியுது."

அவன் காது மடல் சிவந்தது.

"உங்க அப்பா?"

"காபி டம்ளரக் கீழ வச்சாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். மழை வரும், குடை எடுத்துட்டுப் போன்னாங்க."

அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டான்.

"என்னால மருந்து கண்டுபிடிக்க முடியாதே, ஈவா."

"அது என் வேலை. அத நான் பாத்துக்குவேன்."

"ஒரு மாசமா இந்த மைனஸ் நாப்பதுல நின்னும் எனக்கு வேர்க்கு. போன் வராத நாள்ல எல்லாம் கதவத் திறந்து போட்டுட்டு நின்னுருக்கேன். உங்களப் புடிச்சிருக்குன்னு சொல்ல எத்தன தடவ..." நிறுத்தினான். கண்களில் இரக்கம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள்... துளியும் இல்லை. "மொத எக்கோ என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. திருநெல்வேலில. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்க எடுக்கணும்."

"லீவு எழுதிக் குடுத்துருதேன்."

"எத்தன வருஷத்துக்கு?" வீம்பாகத்தான் கேட்டாள்.

"ஃபாரத்துல எடம் இருக்கது வரைக்கும். தீந்துட்டா வேற ஃபாரம் கேப்பேன்."