பசை காயும் வரை

கூடத்து அலமாரியில் கத்தரிக்கோல் கிடக்கும் டிராயரை இழுக்கப் போனான் தம்பி. விரல் வழுக்கிக்கொண்டு போனது. டிராயர் அடம்பிடிப்பது ஒன்றும் புதிதல்ல. மழை நாளில் மரம் உப்பும், காலால் ஓர் உதை விட்டால் வழிக்கு வரும். உதைத்தான். கால்தான் வலித்தது. குனிந்து பார்த்தான். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. கத்திமுனையால் கீறிய கோடு. நகத்தை வைத்தால் கொஞ்சம் இறங்கி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. கைப்பிடி இருந்தது, சாவித்துளையும் இருந்தது, துளைக்குள்தான் துளை இல்லை. தட்டினால், வெட்டிப் போட்ட அடிமரத்தைத் தட்டியதுபோல ஒரு மொத்தைச் சத்தம்.

திரும்பி, ஜன்னலோர மேசைமேல் இருந்த பொம்மை வீட்டைப் பார்த்தான். அதன் கூடத்திலும் இதே அலமாரி, விரல் நீளத்தில் நின்றது. நேற்றுத்தான் செய்து, பசை போட்டு ஒட்டியிருந்தான். டிராயர் வைக்கப் பொறுமை இல்லாமல் கத்தியால் மூன்று கோடு கீறிவிட்டிருந்தான்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

தம்பிக்குத் தொழில் பல்செட் செய்வது. ஊரில் பாதிப் பேர் அவன் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள்; அவன் வேலை செய்யும் பல்செட் லேபில் அவனைப் பல்லு என்றால்தான் தெரியும். முன்பல்லுக்கு உயிரைக் கொடு, பின்பல் மென்றால் போதும் என்பது அவன் தொழில் தர்மம். அதையே பொம்மை வீட்டுக்கும் வைத்திருந்தான். கண்ணுக்குத் தெரிவது தத்ரூபமாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் பொம்மையும் புகார் கொடுக்கப் போவதில்லை. புத்தக அலமாரி என்றால் ஒரே மரக்கட்டை, அதன்மேல் வண்ண வண்ணமாய் முதுகுகள். குழாய் என்றால் வளைத்த குண்டூசி. கதவு என்றால் கதவு மாதிரி ஒன்று.

அவன் பொம்மையாகச் செய்தது இதே வீட்டைத்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்த வீடு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அக்கா போடத் தயாராகப் பேனாவோடு நின்றாள். அவன் பிறந்ததிலிருந்து வேறு கூரைக்குக் கீழே தூங்கியதில்லை. பேனாவைக் கண்டாலே எழுந்து போய்விடுவான். விற்றால் எங்கே போவது என்று அவனுக்கு உண்மையாகவே தெரியாது. அதனால் கண்முன் இருப்பதையெல்லாம் சின்னதாகச் செய்து மேசைமேல் அடுக்க ஆரம்பித்தான்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். மூன்று சுரத்தில் மணி ஒலித்ததும், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தேனாய்ச் சொட்டும் குரல் அவளுடையதுதான். அந்தத் தேன் நிலையத்தோடு தீர்ந்துவிடும். வீட்டில் மிச்சம் இருப்பது மணி மட்டும். திட்டுவதற்கு முன்னால் மூக்காலேயே அந்த மூன்று சுரத்தையும் முனகுவாள்.

"ங்... ங்... ங்ங். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நடு வயசு ஆள் ஒருத்தர் நடுக்கூடத்துல பொம்மை வெச்சு விளையாடிக்கிட்டிருக்கார். உரியவங்க வந்து கூட்டிட்டுப் போகவும்."

"உரியவங்க நீதான். கூட்டிட்டுப் போயேன்."

"ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க ஆள் வர்றாங்க. இந்தக் குப்பையை எடுத்து உள்ள வை."

"இந்தக் குப்பைல நீ தூங்குற கட்டிலும் இருக்கு."

"கட்டிலை எங்க போட்டாலும் நான் தூங்குவேன். உனக்குத்தான் இந்தக் கூரை இல்லாம தூக்கம் வராது," என்றாள் அக்கா, படித்து முடித்த செய்தித்தாளை மடிப்பதுபோல அலட்சியமாக.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவன் பொம்மை வீட்டின் வாசற்கதவை எடுத்தான். நான்கு விளிம்பிலும் பசை. நிலைக்குள் வைத்து அழுத்தினான். பசையின் வாடை மூக்கின் உச்சிக்கு ஏறியது. அது காயக் காய, கூடத்தின் மறுபக்கத்தில், உண்மையான வாசற்கதவிலிருந்து மெல்லிய 'க்ரிச்' ஒன்று கேட்டது. யாரோ பல்லை நறநறவென்று கடித்து நிறுத்தியதுபோல.

வீடு பார்க்க வந்த தம்பதி வெளியே நின்று மணியடித்தார்கள். அக்கா உள்ளே நின்று கதவை இழுத்தாள். இழுத்தாள், உதைத்தாள், தாழ்ப்பாளைத் தட்டினாள். தாழ்ப்பாளும் இப்போது கதவோடு சேர்ந்த ஒரு புடைப்புத்தான். வெளியே அந்த அம்மாள் கணவரிடம், "கதவே திறக்க மாட்டேங்குது, இந்த வீட்டையா வாங்கப் போறோம்?" என்று கேட்டது உள்ளே தெளிவாகக் காதில் விழுந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

தம்பி அன்று மதியம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான்.

வெளியே போகச் சமையலறைப் பின்கதவு மட்டும் வேலை செய்தது. பொம்மை வீட்டுக்குப் பின்சுவர் கிடையாது. கைவிட்டுச் சாமான் வைக்க அந்தப் பக்கம் திறந்தே இருக்கும். பின்கதவு அதில் இல்லை, அறைக் கதவுகளும் அவன் இன்னும் வைக்கவில்லை. இல்லாததால் அவை இன்னும் கதவாக இருந்தன.

மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. புத்தகம் ஒன்றை எடுக்கப் போனால் வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. தடவினால் வழவழவென்று பெயின்ட். சுவர்க்கடிகாரத்தின் முள் ஓடவில்லை, முள் வரைந்திருந்தது. தட்டிலிருந்த பழத்தில் பல் இறங்காமல் வழுக்கியது, நாக்கில் வார்னிஷ் கசந்தது. சமையலறைக் குழாயைத் திருகினால் திருகவில்லை. கையில் குண்டூசியின் குளிர் ஒட்டிக்கொண்டது. வீட்டின் சத்தங்கள் குறைந்துகொண்டே வந்தன. குழாய் சொட்டும் சத்தம், கீல் முனகும் சத்தம், மர அலமாரி வெயிலில் நெட்டி முறிக்கும் சத்தம், எல்லாம் போய், நடந்தால் காலடிக்குக் கீழே தக்கை மாதிரி ஒரு வெற்றொலி மட்டும் மிஞ்சியது. எங்கே நின்றாலும் முதுகுப்பக்கம் சுவரே இல்லாததுபோல ஒரு குளிர்.

குழாயைக் கண்ட அன்றே அவன் பயந்துபோய் சின்னக் குழாயைப் பிடுங்கப் பார்த்தான். அவன் பசை நல்ல பசை. வரவில்லை.

அக்கா பின்கட்டுத் தோட்டக் குழாயிலிருந்து வாளியில் நீர் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். மேசையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அன்று மணி முனகவில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"நான் என்ன பண்ணினேன்?"

"என்னை முட்டாள்னு நினைச்சியா? அதுல பூசினா இதுல பூசுது. அதுல ஒட்டினா இதுல ஒட்டுது. இப்பவே இதைத் தூக்கிக் கீழ போட்டு மிதிக்கிறேன் பாரு."

"மிதி," என்றான் தம்பி. "உள்ள நின்னுக்கிட்டு மிதி."

அவள் தூக்கிய கை அப்படியே நின்றது. கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அறைக்குப் போயும் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டும் பேசினாள். அப்பாவின் உயிரை வாங்கியவன், அம்மாவின் மடியை விட்டு இறங்காதவன், ஊரான் வாயில் கைவிட்டுப் பிழைக்கிறவன். ஒலிபெருக்கியில் பேசிப் பழகிய குரல். சுவர் அதற்கு ஒரு பொருட்டில்லை. அடுத்த நாளும் பேசினாள். அதற்கடுத்த நாளும்.

அவன் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான். லேபிலிருந்து கொண்டுவந்த, ஈறு நிறத்து இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை நீல நெருப்பில் காட்டினான். மெழுகு இளகும்போது வரும் அந்த இனிப்பு வாடை அறை முழுக்கப் பரவியது. விரல் நுனியில் அக்கா உருண்டு வந்தாள். கூன் விழத் தொடங்கிய தோள், கொண்டை, எதையும் நம்பாத புருவம். நல்ல வேலை. அவன் செய்ததிலேயே நல்ல வேலை. மூக்குக்குக் கீழே வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிட்டான். வழுவழுவென்று இருந்தது.

வாழ்க்கையில் பல்லும் வாயுமாகவே கிடந்தவன் வாய் இல்லாமல் செய்த முதல் முகம் அது.

பொம்மையை அவள் அறைக் கட்டில்மேல் உட்காரவைத்து ஒரு சொட்டுப் பசை விட்டான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்தச் சொட்டை மட்டும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டான். அக்கா எழுந்து நடமாட வேண்டாமா. அப்புறம் யார் வாளி தூக்குவது.

மெழுகு ஆறியது.

உள்ளறையில் பேச்சு பாதிச் சொல்லில் நின்றது. "உன்னை மாதிரி ஒரு" என்றது குரல். அதற்குப் பிறகு சொல் இல்லை.

நிம்மதியாக இருந்தது. சிறிது நேரம்தான். பிறகு சத்தம் வந்தது. மூடிய பாத்திரத்துக்குள் எதுவோ கொதிப்பது மாதிரி. ம்ம். ம்ம்ம். அதோடு நகத்தால் சுரண்டும் சத்தம். மரத்தைச் சுரண்டுவது இல்லை அது. மெத்தென்ற எதையோ.

கதவைத் திறந்தான்.

அக்கா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்குக் கீழே மோவாய் வரை ஒன்றுமில்லை. உதடில்லை, மடிப்பில்லை, தழும்பில்லை. ஒரே தோல். அதற்குப் பின்னால் தாடை மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. நகம் பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு. கண் மட்டும் பேசியது. அது பேசியதைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"இரு, இரு. சரி பண்ணிடறேன். சரி பண்ணிடறேன்க்கா."

மேசைக்கு ஓடினான். கத்தியைச் சுடவைத்து, பொம்மையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கை நின்றது. கீறினால் வாய் வருமா, கீறல் வருமா? உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. தொண்டைகூட இல்லை. முழு மெழுகு. இவன் எதைத் திறந்துவிடப் போகிறான்? முதல் தடவையாக, உள்ளே இருப்பதையும் செய்தாக வேண்டும். அதற்கு இந்தக் கத்தி போதாது. லேபில்தான் ஊசிமுனைக் கருவிகள் இருக்கின்றன.

பின்கதவு வழியாக ஓடினான். விளக்கு, மெழுகு, பசை எல்லாம் மேசைமேல் கிடந்தன. அக்கா அந்த மேசைப் பக்கம் ஒரு தூசியைக்கூடத் தட்டியதில்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

லேபில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, அரிசி முனையில் பாதி அளவுக்கு ஒரு வாய் செய்தான். பல் ஒவ்வொன்றாய். பின்பற்களும். நாக்கு. நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய நரம்புகூட. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன பல்லு, எறும்புக்குப் பல்செட்டா?" என்றான்.

உள்ளங்கையில் அதைப் பொத்திக்கொண்டு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மஞ்சள் வெயில் சமையலறை வரை நீண்டு கிடந்தது. பின்கதவைத் தள்ளியதும் மெழுகு வாடை. இளகும் மெழுகு. இனிப்பாய். விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனதாக அவனுக்கு நினைவு.

கூடத்தின் நடுவுக்கு வந்தான்.

அக்கா மேசைமுன் அவனுடைய நாற்காலியில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நீல நெருப்பு எரிந்தது. பொம்மை வீட்டின் திறந்த பக்கத்துக்குள் அவள் கை முழங்கை வரை போயிருந்தது.

"அக்கா," என்றான். "வாய் கொண்டுவந்திருக்கேன்."

அவள் திரும்பவில்லை. அவன் ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தான்.

கால் வரவில்லை.

பாதத்துக்குக் கீழே ஏதோ பிசுபிசுத்தது. இழுத்தான். நூல்நூலாய் நீண்டு, மறுபடி இழுத்துக்கொண்டது. அந்த வாடை தரையிலிருந்து ஏறியது. அவனுடைய நல்ல பசை.

அவள் மெல்ல விலகி உட்கார்ந்தாள். அவன் பார்க்கட்டும் என்றே.

சின்னக் கூடத்தின் நடுவே ஒரு பொம்மை நின்றது. அக்கா ஜென்மத்தில் ஒரு பொம்மை செய்தவள் இல்லை. தீக்குச்சிக் கால்கள். கோணல் உடம்பு. அவன் லேப் அங்கியிலிருந்து வெட்டிய நீலக் கிழிசல். கைகள் இரண்டு உருண்டை; விரல் பிரிக்க அவளுக்கு வரவில்லை.

அவன் உள்ளங்கையைத் திறக்கப் பார்த்தான்.

திறக்க உள்ளங்கை இல்லை. மணிக்கட்டுக்கு அப்பால் ஒரு மழுங்கிய உருண்டை. அதற்குள் எங்கேயோ அந்தச் சின்ன வாய் குத்தியது.

முழங்கால் மடங்கவில்லை. குச்சி.

பொம்மையில் ஒன்றை மட்டும் அவள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். வாய். பென்சில் முனையால் ஆழமாகக் குடைந்து, நன்றாக அகலத் திறந்த வாய். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

கத்தினான்.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு இளகிய மெழுகில் கட்டைவிரலை ஒற்றிக்கொண்டு, பொம்மையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாய் இல்லாத முகத்திலிருந்து, மூக்கு வழியாக, அந்த மூன்று சுரம் வந்தது.

ங். ங். ங்ங்.

விரல் வலது கண்மேல் இறங்கியது. வழித்தது. அவள் கையால் விசிறினாள், மெழுகு சீக்கிரம் ஆறட்டும் என்று. அவன் வலது பக்கம் கூடம் மங்கியது. ஜன்னல் போனது. மேசையின் பாதி போனது. இளஞ்சிவப்பாய், சூடாய், இனிப்பாய் ஏதோ இமையின்மேல் படிந்து இறுகியது.

மிச்சமிருந்த கண்ணால் பார்த்தான். அக்கா கட்டைவிரலை மறுபடி மெழுகில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.