பதினான்காம் கட்டிலின் அழைப்பு

மாடி வார்டின் அமைதியை முதலில் எத்தனை மணிக்குக் கவனித்தாள் என்று அவளால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதினொன்று என்கிறது ஞாபகம். அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். மேசைமேல் வெயில் விழுந்திருந்ததும், அத்தனை வெளிச்சத்தில் மாடி வார்டு ஏன் இப்படி ஓசையற்றுக் கிடக்கிறது என்று ஒரு கணம் தோன்றியதும் மட்டும் நிச்சயம்.

மருத்துவமனையின் கணினி வேலை முழுக்க அவள் பொறுப்பு. நோயாளி கட்டிலோரப் பொத்தானை அழுத்தினால், அழைப்பு மெசேஜ் பஸ் எனும் பொது வரிசையில் போய் நிற்கும். அவள் அமைத்த இணைய முகவரிக்கு வரிசை அதைக் கொண்டுவந்து கொடுக்கும். முகவரி அதை நர்ஸின் திரைக்கு அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் அழைப்பு அழிந்துவிடும். சொல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். அன்றுதான் அது முதல்முறையாக இயங்கியது.

காலையில் பதினான்காம் கட்டிலிலிருந்து தங்கை பொத்தானைத் தூக்கிக் காட்டினாள்.

“இதை அழுத்தினா ஓடி வருவியாக்கா?”

“நான் எதுக்குடி? நர்ஸ் வருவாங்க.”

“அதானே! நீ என்னிக்கு உடனே வந்திருக்கே?” சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

பன்னிரண்டரைக்குத் தலைமை நர்ஸ் போனில் கேலி செய்தார். “என்னம்மா, உங்க சிஸ்டம் ரொம்ப சமத்தா இருக்கு? காலையிலேர்ந்து ஒரு அழைப்புகூட வரலியே.”

பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தொரு அழைப்புகள். சோதனைக்காக முந்தின நாள் எழுதிய ஒற்றை வரியை நீக்க மறந்திருந்தாள்: எது வந்தாலும் எங்கும் அனுப்பாதே, ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல். நாற்பத்தொன்றுக்கும் சொல்லியிருந்தது. அதில் முப்பத்தாறு, பதினான்காம் கட்டில்.

படிகளை எப்படி ஏறினாள் என்று தெரியாது. தங்கையின் கை பொத்தானைச் சுற்றி விறைத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான்கு மணிக்குக் கீழே வந்து, அந்த வரியை நீக்கினாள். இனி அவளே விசையைத் தட்டினால்தான் பதில் போகும். உள்ளங்கையில் இன்னும் மருந்து வாசனை. மின்விசிறி மெல்லத் தேய்ந்து தேய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

திரையில் ஓர் அழைப்பு. பதினான்கு.

பழையது திரும்ப வரவில்லை. புது எண். இப்போதைய நேரம்.

இன்னொன்று. பதினான்கு.

போனில் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். “சிஸ்டர், பதினாலுல யாரு?”

“காலிம்மா. வயரை நான்தானே பிடுங்கி டிராயர்ல போட்டேன்.”

“திறந்து பாருங்க.”

இழுப்பறை உராயும் சத்தம்.

“பட்டன் அமுங்கியிருக்கு... எடுக்க வரலம்மா. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்காங்க.”

‘கிடைத்தது’ என்று ஒரு பதில் போதும். அழிந்துவிடும். விரல் விசைக்கு மேல் நின்றது. முப்பத்தாறு முறை அதைச் சொல்லியாயிற்று. சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தாயிற்று.

விரலை எடுத்துவிட்டாள்.

தலைமை நர்ஸ் அந்த வாரமே வேலையை விட்டார். வார்டு பூட்டிக் கிடக்கிறது. மருத்துவமனை வேறு ஏற்பாட்டுக்கு மாறிவிட்டது. பழைய முகவரியை அணைக்க அவள் விடவில்லை. அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். தங்கை போய் எட்டு மாதம். பத்து நொடிக்கு ஒருமுறை அழைப்பு வருகிறது. நேற்றிலிருந்து கட்டில் எண்ணின் இடத்தில் பதினான்கு இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும் அறையின் எண்.