தர்மா வண்டியின் சாவி

மணி 3:05. "அக்கா, எவனோ என் கார் சாவியைத் தூக்கிட்டான்" என்று தர்மா ஓடி வந்தான். நெற்றி நிறையப் பூசிய திருநீறு வியர்வையில் புருவம் வரை இறங்கியிருந்தது.

சரளா பேனாவைக் கீழே வைத்தாள். அவனுடைய ஒரே அக்கா. போக்குவரத்துப் போலீஸில் கார்ப்பரல். ஞாயிற்றுக்கிழமையானால் சீருடையைக் கழற்றிவிட்டு, மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் போட்ட இந்த டிராக் ரேஸ் பாதையில், ஊதும் கருவியோடு உட்கார்ந்துவிடுவாள். ஓட்டுகிறவன் எவனானாலும் அவளிடம் ஊத வேண்டும். துளி மது தெரிந்தாலும் ஓராண்டு தடை. போன வருஷம் பக்கத்துப் பீடோர் ஊர்க்காரன் ஒருவன் போதையில் தடுப்பில் மோதி, அவள் மடியிலேயே உயிரை விட்டான். அதற்குப் பிறகு கிளப்பில் மல்லுக்கட்டி அவள் கொண்டுவந்த விதி இது.

நாலு மணிக்கு இறுதிப் போட்டி. தர்மாவும் மகேந்திரனும் மோதுகிறார்கள்.

"அந்த மகேந்திரன்தான் எடுத்திருப்பான். என் வண்டிகிட்ட சுத்திட்டிருந்தான்" என்றான் தர்மா.

"வாயை மூடிட்டு நிழல்ல உட்காரு. நான் பாத்துக்கிறேன்."

மணி 3:15. மகேந்திரன் தன் காரின் மேல் சாய்ந்து நின்றான். நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

"தர்மா வண்டிகிட்ட உனக்கு என்ன வேலை?"

"ஸ்பானர் கேட்டேன் லா. ஐயாவு அண்ணே குடுத்தாரு."

"எப்ப?"

"ரெண்டரை. பழம் வெச்ச கையோட போனேன். அவன் சாவி எனக்கு எதுக்குக்கா? அவனை ஓட விட்டு ஜெயிச்சாத்தானே எனக்கு மரியாதை."

மணி 3:25. தர்மாவின் காரைப் பன்னிரண்டு வருஷமாகப் பழுது பார்க்கிற ஐயாவு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சரளா குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தாள். சரளைக் கல்லும் எறும்பும்தான்.

"சாவி கடைசியா எங்கண்ணே இருந்துச்சு?"

"வண்டியிலேதான் தங்கச்சி."

"ரெண்டு பேரும் வெளியே போனீங்களா?"

"ரெண்டு மணிக்கு முனியாண்டி கோயிலுக்கு. படையல் போட்டுட்டு உடனே வந்துட்டோம்."

முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனிதர், இன்று தரையைப் பார்த்துப் பேசினார். சரளா மேசைக்குத் திரும்பிக் கைப்பேசியைத் திறந்தாள். ஊதுகிற ஒவ்வொருவரையும் அவள் படம் எடுத்து வைப்பாள். தர்மாவின் படத்தில் மணி 1:30. அதை வெகுநேரம் பார்த்தாள். தெரியாதது போல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மணி 3:40. மூன்று பேரும் மேசை முன்னால் நின்றார்கள்.

"ஐயாவு அண்ணே, எலுமிச்சம்பழப் பையை எடுத்துட்டு வாங்க."

அவர் கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

"ரெண்டரைக்கு மகேந்திரன் பழம் வெச்சிட்டான். நீங்க இத்தனை வருஷத்துல ஒரு ரேஸ்லயும் பழம் வெக்க மறந்ததில்ல. இன்னிக்கு உங்க சக்கரத்துக்கடியில ஒண்ணுகூட இல்ல. சாவி காணோம்னு தெரிஞ்சது மூணு மணிக்கு மேல. அதுக்கு முன்னாடியே இந்த வண்டி நகராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐயாவு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நாலு பழம் உருண்டது. கூடவே சாவி.

"துரோகி" என்று தர்மா பாய்ந்தான். மகேந்திரன் அவன் தோளைப் பிடித்தான்.

"நில்லுடா" என்றாள் சரளா. "ஒன்றரைக்கு நீ ஊதினப்போ நெத்தி வெறிச்சுன்னு இருக்கு, படத்துல பாரு. திருநீறு அதுக்கப்புறம் கோயில்ல வெச்சது. முனியாண்டி படையல்ல கறுப்பு பீர் இருக்கும். மிச்சத்தை என்ன பண்ணினே?"

"அது சாமி பிரசாதம்க்கா. அதைப் போய் குடின்னு சொல்வாங்களா?" அவன் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"ஊத்தினது நான்தான் தங்கச்சி" என்றார் ஐயாவு. "ரெண்டு வாய்னு நெனைச்சேன். மொத்தத்தையும் குடிச்சிட்டான். சொன்னா உங்க கையாலயே அவனைத் தடை பண்ணணும். சொல்லலேன்னா அந்தப் பீடோர்க்காரன் கதைதான். அதான் சாவியை ஒளிச்சேன்."

சரளா கருவியை நீட்டினாள். தர்மா ஊதினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயேவா எழுதப் போறே?"

"நான்தான்டா எழுதணும். என் தம்பின்னு விட்டா, நாளைக்கு எவனையும் நான் நிறுத்த முடியாது. உன்னையும் மடியில போட்டுக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஓராண்டு தடை என்று எழுதும்போது அவளுக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. தர்மா பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டான். பிறகு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். தன் காரின் ஸ்டீயரிங்கை அதுவரை யாரையும் தொடக்கூட விடாதவன் அவன்.

"வீட்டுக்கு நீயே ஓட்டுக்கா" என்றான். "ஐயாவு அண்ணே, முன்னால உட்காருங்க. நான் பின்னால ஏறிக்கிறேன்."