அகதாவுக்கு ஒரு வண்டி

மழை விட்டும் விடாமலும் தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோலா கங்சார் ஊருக்கு அப்பால் பாழடைந்து கிடந்த ரப்பர் தோட்டத்துக்குள் லேண்ட் ரோவர் நுழைந்தது. ஓட்டியவர் சதாசிவம். இதே தோட்டத்தில் கண்டக்டராக, மேனேஜர் துரைக்கு அடுத்த மேற்பார்வையாளராக இருந்து ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது துரையின் இந்த வண்டியை ஏலத்தில் எடுத்துக்கொண்டார். இப்போது ஈப்போவில் வசதி படைத்தவர்கள் கூடிச் சேற்றில் வண்டி ஓட்டிப் பந்தயம் வைக்கிறார்களாம். அதற்கு இது ஒத்திகை.

பக்கத்தில் அவருடைய மெக்கானிக் டொமினிக். அவனும் இந்தத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பிறந்தவன்தான். சதாசிவத்துக்கு அது நினைவில்லை. முந்நூறு குடும்பத்தில் ஒன்று, அவர் எதற்கு நினைவு வைக்கப்போகிறார்?

டொமினிக்குக்கு எல்லாம் நினைவிருந்தது. எழுபத்தொன்றில் இப்படியொரு மழையில்தான் தங்கை அகதாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டொமினிக் கண்டக்டர் வீட்டு வாசலில் நின்று துரையின் இந்த வண்டிக்குக் கெஞ்சினான். இந்தச் சேற்றில் எந்த வண்டியும் போகாது என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார். லயத்துக் கதவொன்றைக் கழற்றி, அதில் அகதாவைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஓடையோரப் பள்ளத்தில் அவள் மூச்சு அடங்கியது. வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

அந்தப் பள்ளத்தில்தான் இப்போது வண்டி சிக்கியது.

பின்சக்கரங்கள் மட்டும் சுற்றின. முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் பூட்டைக் கையால் திருப்பிவிட்டால்தான் நாலு சக்கரமும் இழுக்கும். பெருமை பேசிய அவசரத்தில் சதாசிவம் அதை மறந்திருந்தார். டொமினிக் இறங்கி, முழங்கால் சேற்றில் குனிந்தான்.

"பூட்டிட்டா எந்தச் சேத்துலயும் ஏறும்லா," என்று மேலிருந்து சிரித்தார் சதாசிவம். "அந்தக் காலத்துலயே அடைமழையில துரை காட்டுப்பன்னி சுட இந்த வழியாத்தான் போவாரு. ஒரு நாளும் நின்னதில்ல."

டொமினிக்கின் கை அப்படியே நின்றது. அப்படியானால் அன்றைக்கும் போயிருக்கும். பன்றி சுடப் போன வண்டி, தங்கைக்குப் போகவில்லை. ஒரு பூட்டைத் திருப்பி, மறுபக்கம் போய் அடுத்ததையும் முறுக்கினான். அப்போதுதான் வண்டிக்கடியில் கண் போயிற்று.

பின்பக்கம் இரண்டு கால்கள் நின்றன.

வெறுங்கால்கள். நனைந்த சேலையின் ஓரம் கணுக்காலில் ஒட்டியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். யாருமில்லை.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, யாரோ ஏறிப் படுத்ததுபோல. மரங்களுக்கடியில் பட்டப்பகலே இருட்டிக்கொண்டு வந்தது. இரத்தமும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை எழுந்தது. பல்லைக் கடித்து வலி பொறுக்கும் ஒரு மூச்சு.

சதாசிவத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. பின்னால் என்னவென்று பார்க்கச் சொன்னார். டொமினிக் அசையவில்லை. திட்டிக்கொண்டே அவரே இறங்கிப் பின்னால் போனார். அந்த இடைவெளியில் டொமினிக் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"அண்ணே," பிடரிக்குப் பக்கத்தில் கிசுகிசுப்பு. "போலாம்ணே. முடியல."

பயம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. கியரைத் தள்ளினான். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. வண்டி ஒரே இழுப்பில் மேட்டில் ஏறியது. பின்னால் சதாசிவம் கத்தினார். நடந்து வரட்டும். அன்றைக்கு நாங்கள் நடக்கவில்லையா?

வழிநெடுக அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

கோலா கங்சார் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் பின்கதவு தானாகத் திறந்தது. வண்டி பாரம் குறைந்து உயர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

டொமினிக் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். தன் பெயரையோ தங்கையின் பெயரையோ அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து, பிரசவ வார்டிலிருந்து ஒரு தாதி வெளியே வந்து நேராக அவனிடம் நடந்தாள்.

"அகதாவோட அண்ணன் நீங்கதானே? பிள்ளைய வாங்கிக்க உங்களத்தான் கூப்புடுறாங்க."